நோயாளி எழும்பிப் போன பிறகு: வன்னிப் பல் அறை நாட்குறிப்பு

ஓகஸ்ட் 4, திங்கள்

நோயாளி பஞ்சைக் கடித்தபடி எழும்பிப் போய்விட்டார். தட்டில் சிரிஞ் கிடக்கிறது, அடுத்தவரின் துண்டு மேசைக்கு வந்துவிட்டது, வெளியே வாங்கில் இன்னும் இருபது பேர். கையில் ஊசி ஏறுவதற்கு இதைவிட வசதியான நேரம் இல்லை.

விறைப்பு மருந்துக் குப்பியான காட்ரிஜைப் போட்டுப் பாவிக்கும் சிரிஞ்சின் ஊசிக்கு இரண்டு முனை. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். காட்ரிஜின் இறப்பரைத் துளைக்கும் பின்முனை ஏறக்குறைய அரை அங்குலம்தான். காட்ரிஜை எடுத்ததும் அது சிரிஞ்சின் குழலுக்குள் மறைந்து நிற்கும். ஊசியைத் திருகிக் கழற்றி, "மூடி போட்டாயிற்றுத்தானே" என்று உள்ளங்கையில் வைத்தால் பின்முனை ஏறும்.

ஆகவே ஒழுங்கு இதுதான். மூடியைத் தட்டில் படுக்கவையுங்கள். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையாலேயே ஊசியை மூடிக்குள் நுழைத்து, நிமிர்த்தி, தட்டின் ஓரத்தில் முட்டவைத்துப் பூட்டுங்கள். பிறகு பிஸ்டனைப் பின்னே இழுத்துக் காட்ரிஜை எடுங்கள். கடைசியாக மூடியைப் பிடித்தே ஊசியைத் திருகி, நேரே பெட்டிக்குள் போடுங்கள். இரண்டாம் முறை விறைப்பூசி போட வேண்டியிருந்தால் இடைவேளையிலும் ஒரு கையால்தான் மூட வேண்டும்.

கூர்ப்பொருள் பெட்டி, அதாவது சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி, கதிரையிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிறிய வைத்தியசாலைகளில் அது கைகழுவும் தொட்டியடி மூலைக்குப் போய்விடுகிறது. அப்போது ஊசியோடு அறையைக் கடந்து நடக்க வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிடுங்கள். அமத்தி இடம் பிடிக்கப் பார்ப்பது கூடவே கூடாது.

பர் என்ற துளையிடும் முனையைப் பூட்டியபடி, அதைச் சுழற்றும் ஹேண்ட்பீஸைக் கொழுவிவிட்டு மறுபக்கம் எட்டினால் முழங்கை கிழியும். கொழுவும் முன் கழற்றுங்கள்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

குத்திவிட்டால்: கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, குளோரினில் முக்கக் கூடாது. நேரத்தை எழுதி வையுங்கள். நோயாளி போகும் முன் அவருடன் பேசி, சம்மதத்தோடு இரத்தம் எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டால் நெடுங்கேணிக்கோ துணுக்காய்க்கோ ஆள் அனுப்பித் தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

நோயாளியின் இரத்தத்தில் கிருமி இருந்தால், ஒரு குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். ஈரல் அழற்சி தரும் ஹெபடைட்டிஸ் சி-க்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் பி மட்டும், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம். எல்லோரும் எச்.ஐ.வி.-க்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதும், தடுப்பூசியால் தடுக்கக்கூடியதும் பி தான். 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி. மூன்றாவதுக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் நோயை எதிர்க்கும் எதிருடலின் அளவு பார்க்க வேண்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகாவது இருக்க வேண்டும். மூன்று ஊசியோடு நின்றுவிட்டு அளவு பார்க்காதவர்களே அதிகம். அவர்களில் சிலருக்குப் பாதுகாப்பு ஏற்படவேயில்லை என்பது குத்திய பிறகுதான் தெரியவரும்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை சில மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணித்தியாலத்துக்குப் பின் பயனில்லை. 28 நாள் போட வேண்டும். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் பின்னேரம் பஸ் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யோசிக்கிற விடயம் இல்லை இது. மாத்திரை எங்கே இருக்கிறது, இரவிலும் லீவு நாளிலும் யாரை எந்த இலக்கத்தில் அழைப்பது என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஓகஸ்ட் 7, வியாழன்

தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு ஓடு போல ஒட்டியிருக்கும். அதே பொருக்குத்தான் ஹேண்ட்பீஸின் நுனியில் உள்ள ஊசித்துளைகளை அடைக்கிறது. மூன்று துளையில் ஒன்று அடைத்தால் தெறிப்பு ஒரு பக்கம் சாயும், பல் சூடாகும், தூள் பறக்கும்.

பொருக்காவது கண்ணுக்குத் தெரியும். கதிரைக்குள் ஓடும் மெல்லிய குழாய்களின் உட்சுவரில் இரவிரவாகப் படரும் வழுக்கலான கிருமிப் படலம் தெரியாது. பற்காரையை உடைக்கும் ஸ்கேலரைப் போட்டதும் அது பனிப்புகாராக முதலில் வருவது நோயாளியின் தலைக்கு மேல் குனிந்திருப்பவரின் மூக்குக்கு. காலையில் 2 நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின் 20 முதல் 30 செக்கனும் தண்ணீரை வெறுமனே ஓடவிடுங்கள். தனிப் போத்தல் உள்ள கதிரையானால் வேலை முடிந்ததும் போத்தலை வெறுமையாக்கிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஓடவிடுவதால் படலம் உரியாது. அதற்கு உற்பத்தியாளர் சொல்லும் மருந்தைச் சொன்ன இடைவெளியில் போட வேண்டும். குறி: ஒரு மில்லிலீற்றரில் 500 கிருமிக் கூட்டங்களுக்கு மேல் போகக் கூடாது.

ஓகஸ்ட் 9, சனி

கருவிகளை ஆவியில் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவுக்கு வடித்த நீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் சூடாக்கி பொருக்குப் பிடிக்கும், கதவு இறப்பர் கசியும், கசியும் இடத்தில் ஆவி கையைச் சுடும்.

121 பாகை செல்சியசில் 15 நிமிடம், அல்லது 134 பாகையில் 3 நிமிடம். இந்த நேரம் வெப்பநிலை ஏறி முடிந்த பிறகு தொடங்குவது. பிரஷர் குக்கர் வகையில் ஆவி சீராகச் சில நிமிடம் வெளியேறிய பிறகே வால்வை மூடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அழுத்தமானி சரியான அழுத்தத்தைக் காட்டும், வெப்பநிலை ஏறியிருக்காது. மானியைப் பார்த்து ஏமாறும் இடம் இது.

இடையில் கரண்ட் போனால் அந்த முழுத் தொகுதியும் கிருமி நீக்காதது. "பாதி நேரம் ஓடியதுதானே" என்ற கணக்கு இங்கே இல்லை. ஈரமான பொதியைப் பிரித்து, புதிதாகப் பொதிந்து, முதலிலிருந்து ஓட்டுங்கள். நிறம் மாறிய ஒட்டுநாடா சூடு பட்டதை மட்டுமே சொல்லும். கிருமி செத்ததா என்று சொல்வது வாரம் ஒருமுறை, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்துச் செய்யும் வித்துச் சோதனை. கதவைத் திறக்கும்போது மானி பூச்சியத்தில் இருக்க வேண்டும், முகம் பக்கவாட்டில்.

ஓகஸ்ட் 11, திங்கள்

கொம்பிரசர் தொட்டியின் அடிவால்வைத் தினமும் மாலையில் திறந்து தண்ணீரை வடியுங்கள். வடிக்காவிட்டால் அந்தத் தண்ணீர் காற்றும் தண்ணீரும் பீச்சும் மூன்றுவழிச் சிரிஞ்சால் நோயாளியின் பல்லுக்குள் போகும்.

ஓகஸ்ட் 13, புதன்

சோளகக் காற்று அடிக்கிறது. செம்மண் புழுதிக்குப் பயந்து யன்னலைப் பூட்டி, தலைக்கு மேல் விசிறியைச் சுழலவிடுவது இங்கே வழக்கம். விசிறி காற்றை மாற்றாது. நோயாளியின் வாயிலிருந்து எழும்பிய புகாரை அறை முழுக்கக் கிளறித்தான் விடும்.

சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்க யன்னலில் வலை அடித்துத் திறவுங்கள்; எதிர்ப்பக்கத்தில் வெளியேற்று விசிறி. கதிரை வெளியேறும் பக்கத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும்: காற்று முதலில் உங்கள் முதுகைத் தொட்டு, நோயாளியைக் கடந்து வெளியே போகட்டும். கார்த்திகையில் வாடை தொடங்கியதும் ஓட்டம் தலைகீழாகும். விசிறி வாடையை எதிர்த்துத் தள்ள மாட்டாது. கதிரையை இழுக்க முடியாவிட்டால் விசிறியையாவது மாற்றிப் பூட்டுங்கள்.

கணக்கு இது: நீளம் 4 மீற்றர், அகலம் 3, உயரம் 3 என்றால் 36 கன மீற்றர். மணிக்கு 12 தடவை காற்று மாற விசிறி மணிக்கு 432 கன மீற்றர் தள்ள வேண்டும். அப்படியானால் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் போக 23 நிமிடம். 6 தடவையானால் 46 நிமிடம். காச நோயாளி ஒருவர் இருந்துவிட்டுப் போன அறையில் இந்த நிமிடங்களுக்கு அர்த்தம் உண்டு. அகன்ற வாய் உறிஞ்சியைப் பல்லுக்கு அருகே பிடித்தால் புகாரில் பெரும்பகுதி எழும்பவே எழும்பாது. எச்சில் உறிஞ்சும் சின்னக் குழாய் அந்த வேலையைச் செய்யாது.

நனைந்த முகக்கவசம் வடிகட்டாது. இந்த வெக்கையில் மதியத்துக்கு முன்பே நனைந்துவிடும். மாற்றுங்கள்.

ஓகஸ்ட் 18, திங்கள்

கழுத்து. முன்னால் 20 பாகைக்கு மேல் குனியாமல் வேலை செய்ய, நோயாளியின் வாய் உங்கள் முழங்கை மட்டத்தில் வர வேண்டும். மேற்பல் என்றால் நோயாளியை முழுதாகச் சாய்த்து நாடியை உயர்த்துங்கள். கதிரையைச் சாய்க்காமல் தன் முதுகை வளைப்பவர்கள் ஐம்பது வயதில் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

வன்னியில் முள்ளந்தண்டு காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் வருபவர்கள் உண்டு. சிலரைச் சாய்க்க முடியாது, தூக்கி மாற்றுவது இருவருக்கும் ஆபத்து. நாற்காலியிலேயே பார்க்கலாம்: சில்லுகளைப் பூட்டி, தலைக்குப் பின்னால் தாங்கி வைத்து, நீங்கள் பின்னால் நின்று, ஒரு காலை முன் வைத்து வேலை செய்யுங்கள். நீண்ட வேலையைச் சின்னச் சின்ன வருகைகளாகப் பிரியுங்கள்.

வெற்றிலை போடுபவரின் பல்லில் படிந்த கற்காரை கையை முறிக்கும். பெரிய துண்டை ஸ்கேலரால் உடைத்துவிட்டுக் கைக்கருவிக்கு வாருங்கள். மழுங்கிய கருவியை அழுத்தித்தான் இழுக்க வேண்டும், மணிக்கட்டு அதைத் தாங்காது. பிடி 10 மில்லிமீற்றர் தடிப்பும் 15 கிராமுக்கு மேற்படாத பாரமும் உள்ளதே கைக்குச் சுகம்.

ஓகஸ்ட் 20, புதன்

பல் அடைக்கும் அமல்கக் கலவையில் பாதி பாதரசம். மிச்சத்தைக் காற்றுப் புகாத போத்தலில் சேருங்கள். மஞ்சள் பையில் போட்டால் எரியுலையில் ஆவியாகி எல்லோர் நெஞ்சுக்கும் வரும். பாதரசம் சிந்தினால் தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், உருண்டை சிதறும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள்.

எக்ஸ்ரே: குழாயிலிருந்து 2 மீற்றர், கதிரின் பாதைக்கு 90 முதல் 135 பாகைக்குள் நில்லுங்கள். 1 மீற்றரில் வாங்குவதில் கால்பங்குதான் 2 மீற்றரில். பிள்ளையின் வாய்க்குள் படத்தை ஊழியர் பிடிக்கக் கூடாது, ஒரு தரம் கூட.

ஓகஸ்ட் 22, வெள்ளி

கருவி கழுவும் சிற்றூழியரைப் பற்றி. தடுப்பூசிப் பட்டியலில் வைத்தியரின் பெயர் இருக்கும், தாதியின் பெயர் இருக்கும், அவருடைய பெயர் விடுபட்டிருக்கும். ஒரு நாளில் அதிகம் கூர்முனைகளைத் தொடுபவர் அவர்தான். ஹெபடைட்டிஸ் பி காய்ந்த இரத்தத்தில் 7 நாளாவது உயிரோடு இருக்கும்.

அவருக்குத் தேவையானவை: தடித்த இறப்பர்க் கையுறை, நீளக் கைப்பிடித் தூரிகை, கண்ணாடி, பிளாஸ்டிக் ஏப்ரன். கருவிகளை வாளிக்குள் கைவிட்டுத் துழாவி எடுக்க வைக்காதீர்கள். துளைத்தட்டோடு ஊறவைத்து, தட்டோடு தூக்குங்கள். தேய்ப்பது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தெறிக்காமல். தட்டு அவரிடம் போகும் முன் ஊசி, பிளேட், பர் மூன்றையும் எடுத்துவிடுவது வைத்தியரின் வேலை. பல் பிடுங்கும் நாளில் மாலை நான்கு மணிக்கு, கடைசித் தட்டிலும் அதுதான்.