181

ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி முடிந்ததும் ஒரு படிவம் தருவார்கள். வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த உங்களுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை இருக்கிறது, 1 முதல் 5 வரை? நான் எப்போதும் 4 போடுவேன். 5 போட்டால் அடுத்த பயிற்சியில் என்னையே பேச விட்டுவிடுவார்கள்.

உண்மையான மதிப்பெண் ஏழாம் வகுப்பில் தெரிந்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி என்ற பாடம். வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளில் முக்கோணம் வரைந்து, முதல் நாள் இரவே இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருந்தேன். வகுப்பில் கேபிளைச் செருகினால் புரொஜெக்டரில் வெறும் நீலம். கழற்றி மாட்டினேன். மறுபடியும் நீலம். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் சலசலக்கத் தொடங்கும் சத்தம் இருக்கிறதே, அதை எந்தப் பயிற்சியிலும் சேர்ப்பதில்லை.

"சார், விண்டோஸ் பட்டனோட பி (P) அழுத்துங்க." கடைசி பெஞ்ச் குரல். அழுத்தினேன், வந்த பட்டியலில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், படம் வந்தது.

சரி, தப்பித்தோம் என்று உச்சியைப் பிடித்து இழுத்தேன். தசமம் குழப்பும் என்று கோணங்களை முழு எண்ணில் காட்டும்படி வைத்திருந்தேன். 53, 62, 66. ஒரு பெண் கூட்டிப் பார்த்து, "181 வருது சார்" என்றாள்.

வயிற்றில் ஏதோ புரண்டது. ஒரு நொடிதான். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. தசமத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன்: 52.6, 61.7, 65.7. மூன்றையும் மேல்நோக்கி முழு எண்ணாக்கியதில் ஒரு டிகிரி கூடிவிட்டது. கூட்டினால் 180 சரியாக வருகிறது. 179 வரும் முக்கோணமும் உண்டா என்று கேட்டேன். மிச்ச நேரம் முழுக்க அதைத் தேடினார்கள். திட்டமிட்ட பாடத்தைவிட நல்ல பாடம் அது.

நீலத்திரையில் கைநடுங்கிய ஆள், 181இல் நடுங்கவில்லை. கணக்கு என் கைவசம் இருந்ததுதான் காரணம். 2006இல் கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் கலந்தால்தான் பயன் என்று எழுதினார்கள். நாம் கலந்துகொள்ளும் பயிற்சிகளோ பெரும்பாலும் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. மீதி நேரம் "உங்களால் முடியும்" என்ற பேச்சு. உளவியலாளர் பண்டூரா 1977இலேயே, நம்பிக்கை முதலில் தானே செய்து ஜெயிப்பதில் வருகிறது, அடுத்து நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதில் வருகிறது, பேச்சின் பலம் அதற்கெல்லாம் கீழேதான் என்று சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கும் அறிவியல் டீச்சர், மறுநாள் என் வகுப்பில் வந்து உட்காரலாமா என்று கேட்டார். நான் தடுமாறிய கதையைப் பிள்ளைகளே அவரிடம் சொல்லியிருந்தார்களாம். "நீங்களும் முழிச்சீங்களாமே சார்" என்றார், கொஞ்சம் நிம்மதியாகவே. வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் வகுப்பைக் கடந்தபோது எட்டிப் பார்த்தேன். கரும்பலகையின் ஓரத்தில் சாக்பீஸில் எழுதி, அழிக்கக்கூடாது என்று கட்டம் போட்டிருந்தார்: விண்டோஸ் + பி.