பாடம் மட்டும் இல்லாத கல்லூரிகள்

கல்லூரியைக் களமாகக் கொண்ட நகைச்சுவைப் படங்களில் விடுதி இருக்கும், காதல் இருக்கும், விளையாட்டுப் போட்டி இருக்கும், எதற்கெடுத்தாலும் இடைநீக்கம் செய்வேன் என்று மிரட்டும் முதல்வர் இருப்பார். பாடம் மட்டும் இருக்காது. மூன்றாண்டுகளோ நான்காண்டுகளோ படிக்க வந்தவர்கள் எந்தத் துறையில் படிக்கிறார்கள் என்பதே பல படங்களில் கடைசிவரை நமக்குத் தெரியாது. அண்மையில் இவ்வகைப் படங்களைப் பழையவற்றிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்தபோது, எனக்கு அடக்க முடியாத சிரிப்பை வரவழைத்தவை பெரும்பாலும் வகுப்பறைக்குள்ளோ தேர்வைச் சுற்றியோ நடந்த காட்சிகளே என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

1925இல் ஹெரால்ட் லாய்ட் நடித்து வந்த ‘தி ஃப்ரெஷ்மேன்’ ஊமைப் படம். கல்லூரி வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை ஒரு சினிமாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அதில் வரும் நாயகனைப் போலவே கைகுலுக்கும் முன் ஒரு குட்டி நடனமும் ஆடிக்காட்டும் மாணவன்தான் அதன் நாயகன். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, சினிமாவை நம்பிக் கல்லூரிக்குப் போகிறவர்களைச் சினிமா கேலி செய்துவிட்டது. அதற்குப் பிறகு அதே தவற்றைச் செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் படமும் கால்பந்துத் திடலில்தான் போய் முடிகிறது. 1927இல் பஸ்டர் கீட்டன் நடித்த ‘காலேஜ்’ படத்திலும் இதே கதைதான்: விளையாட்டை இகழ்ந்து பேசும் புத்தகப் புழு ஒருவன், காதலிக்காக விளையாட்டு வீரனாக முயல்கிறான். அவனுடைய படிப்பைப் பற்றிப் படத்துக்கு அக்கறை இல்லை.

இந்த அக்கறையின்மையையே வெளிப்படையாக எடுத்துப் பேசியவர்கள் அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள். 1932இல் வெளிவந்த ‘ஹார்ஸ் ஃபெதர்ஸ்’ படத்தில் கல்லூரித் தலைவராக வரும், அவர்களில் ஒருவரான க்ரௌச்சோ, கல்லூரியையும் விளையாட்டரங்கத்தையும் சேர்த்து நடத்த நம்மால் முடியாது, ஆகவே நாளைக்கே கல்லூரியை இடிக்கத் தொடங்கலாம் என்கிறார். மாணவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று பேராசிரியர்கள் பதற, எப்போதும் தூங்கும் இடத்தில்தான், வகுப்பறையில்தான் என்று பதில் வருகிறது. கல்லூரியே இல்லாவிட்டால் வகுப்பறை ஏது என்ற கேள்வி, சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

1978இல் ஜான் லாண்டிஸ் இயக்கிய ‘அனிமல் ஹவுஸ்’ படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதில் நடித்த ஜான் பெலுஷியின் குடியையும் கும்மாளத்தையும் பற்றியே பேசுவார்கள். அவற்றில் பல இடங்கள், குறிப்பாகப் பெண்களைப் படம் நடத்தும் விதம், இன்று சங்கடமின்றிப் பார்க்கக் கூடியவையாக இல்லை. எனக்குப் பிடித்தது டொனால்ட் சதர்லேண்ட் ஆங்கிலப் பேராசிரியராக வரும் ஒரு சிறு காட்சி. கவிஞர் மில்டனைப் பற்றி உற்சாகமாகத் தொடங்கும் அவர், சற்று நேரத்தில், உங்களுக்கு எவ்வளவு சலிப்போ எனக்கும் அவ்வளவு சலிப்புதான் என்று ஒப்புக்கொள்கிறார். மணி அடித்ததும் எழுந்து ஓடுகிறவர்களைப் பார்த்து, நான் விளையாடவில்லை, இது என் பிழைப்பு என்று கெஞ்சுகிறார். மாணவர்களின் சோம்பலைச் சிரிப்பாக்கிய படங்கள் எத்தனையோ உண்டு; மேடையில் நிற்பவருக்கும் அதே சோம்பல் இருக்கும் என்று காட்டியவை மிகச் சில.

அந்தச் சிலவற்றில் எனக்கு முதன்மையானது, மார்த்தா கூலிட்ஜ் 1985இல் இயக்கிய ‘ரியல் ஜீனியஸ்’. கல்லூரியில் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் கணக்கு வகுப்புக்கு வருகிறான். ஓரிரு இருக்கைகளில் ஆளுக்குப் பதில் டேப் ரெக்கார்டர் இருக்கிறது. அடுத்தடுத்து அவன் வரும்போதெல்லாம் மாணவர்கள் குறைந்து ரெக்கார்டர்கள் பெருகுகின்றன. கடைசியில் பேராசிரியரும் வரவில்லை. மேசை மீது ஒரு பெரிய ரெக்கார்டர் பாடம் நடத்த, இருக்கைகளில் உள்ள சின்ன ரெக்கார்டர்கள் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கின்றன. இதற்கு வசனமே தேவைப்படவில்லை. நான் படித்த காலத்தில் எங்களுக்கு ஒருவர் மஞ்சளேறிய குறிப்பேட்டிலிருந்து படித்துக்கொண்டே போவார்; நாங்கள் நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்போம். ஒருநாள் அவர் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். ஒரு தேற்றத்தின் பாதியிலிருந்து இன்னொன்றின் பாதிக்குத் தாவியதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. தேர்வுக்கு முந்திய இரவில்தான் தெரிந்தது. அந்த வகுப்பில் இருந்தவையும் ரெக்கார்டர்கள்தாம், ப்ராக்ஸி கொடுத்தவர்கள் நீங்கலாக.

தேர்வை வைத்துச் செய்யப்படும் நகைச்சுவை வேறு வகையானது, ஏனெனில் அங்கே எப்போதும் பயம் கலந்திருக்கிறது. ‘அனிமல் ஹவுஸ்’ மாணவர்கள் திருடி வரும் விடைகள், எதிரணியினர் வேண்டுமென்றே வைத்த தவறான விடைகள். 2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ படத்தில், பொருள் புரியாமல் மனப்பாடம் செய்யும் மாணவனின் உரையில் சொற்களை மாற்றி வைத்து அவனை அவையில் அவமானப்படுத்துகிறார்கள். மனப்பாடக் கல்வியைக் கேலி செய்ய இதைவிடக் கூர்மையான ஏற்பாடு இல்லை என்றாலும், அந்தச் சிரிப்பு வன்புணர்வைக் குறிக்கும் ஒரு சொல்லின் மீது நிற்பதால் இப்போது அதை மனமார ரசிக்க முடியவில்லை. 1986இல் வந்த ‘பேக் டு ஸ்கூல்’ படத்திலோ, மகன் படிக்கும் கல்லூரியிலேயே சேரும் பணக்காரத் தந்தை, அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட்டைப் பற்றிய கட்டுரையைக் கர்ட் வானகட்டையே அமர்த்தி எழுத வைக்கிறார். எழுதியவருக்கு வானகட்டைப் பற்றி எதுவுமே தெரியவில்லை என்று பேராசிரியை தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வானகட்டின் ஆய்வேட்டைச் சிகாகோ பல்கலைக்கழகம் உண்மையிலேயே நிராகரித்திருந்தது என்பதையும் அறிந்து பார்த்தால் சுவை கூடும்.

இருந்தாலும் தேர்வுக் காட்சிகளில் நான் முதலிடம் தருவது ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 1930ஆம் ஆண்டு ஊமைப் படத்துக்குத்தான். நிதானமான குடும்பக் கதைகளுக்காக அறியப்பட்ட அவர் இளமையில் மாணவர் நகைச்சுவைப் படங்கள் எடுத்தார். அவரே உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வில் தேறாதவர். ‘தேறவில்லை, ஆனால்…’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்புடைய அந்தப் படத்தில், மாணவன் ஒருவன் சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் பிட் எழுதி வைக்கிறான். தேர்வன்று அந்தச் சட்டை சலவைக்குப் போய்விடுகிறது. அவன் தோற்கிறான், நண்பர்கள் தேறுகிறார்கள். பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. பட்டம் பெற்ற நண்பர்கள் வேலை கிடைக்காமல் அறையில் சுருண்டு கிடக்க, தோற்றவன் மறுபடியும் மாணவச் சீருடையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்புகிறான்.