மழைக்கு முன் கூரை

செப்டம்பர் 14

மேல்காற்று இன்னும் ஓயவில்லை. முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் இன்றும் முழு வேகத்தில் சுழல்கின்றன. தார்ப்பாயின் ஒரு மூலை கிழிந்து, இரவு முழுவதும் படபடத்துக்கொண்டிருந்தது. கப்பலுக்குப் போயிருக்கும் அவன், இந்தப் பிட்சா அடுப்பின் வாயைக் கிழக்கு நோக்கி வைத்ததில் நியாயம் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அடுப்பின் முதுகில்தான் அடிக்கும்; வாய்க்குள் புகுந்து தீயைக் கலைக்காது. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் மழை வடகிழக்கிலிருந்து சரிந்து வரும். கிழக்கே திறந்திருக்கும் வாய் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். காற்றுக்கு ஏற்ற திசை மழைக்கு ஒவ்வாத திசையாக இருக்கிறது. ஒரு டன்னுக்குக் குறையாத அடுப்பை இனித் திருப்ப முடியாது. இரண்டு பருவத்துக்கும் கூரைதான் ஈடு கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 15

காலையில் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஈரம்.

செப்டம்பர் 19

முகட்டை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதிலேயே இன்றைய நாள் போயிற்று. ஆசாரி கிழக்கு மேற்காக ஓட்டலாம் என்கிறார். முன்பக்கம் முக்கோணமாகத் தெரிந்தால் பார்வைக்கு அழகு என்பது அவருடைய வாதம். அழகுதான். ஆனால் அந்த முக்கோணத்தின் வழியாக வரும் சாரல் நேரே அடுப்பின் வாயில் விழும். முகட்டைத் தெற்கு வடக்காக ஓட்டினால் முன்பக்கம் தாழ்ந்த இறவானம், அதாவது தொங்கும் கூரை விளிம்பு, கிடைக்கும். ஆனால் புகைபோக்கி கூரையின் சரிவு நடுவில் துளைத்துக்கொண்டு போகும். நேப்பிள்ஸ் முறை அடுப்புகளில் புகைபோக்கி குவிமாடத்தின் உச்சியில் இருப்பதில்லை. வாய்க்கு நேர் மேலே, முன்பக்கத்தில் இருக்கும். சரிவின் நடுவே குழாய் வந்தால், மேலிருந்து வழிந்து வரும் நீரெல்லாம் அதன் முதுகில் முட்டித் தேங்கும். எத்தனை தகரம் வைத்து அடைத்தாலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் அது தாங்காது.

மாலையில் சதுரக் கட்டத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். முகட்டைக் கூரையின் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? புகைபோக்கிக்கு நேர் மேலே முகட்டைக் கொண்டுவந்து, முன்சரிவைக் குட்டையாகவும் பின்சரிவை நீளமாகவும் இறக்கினால் இரண்டு சிக்கலும் தீரும். முன்னே 1.2 மீட்டர், பின்னே 2.4 மீட்டர். முன் இறவானம் தரையிலிருந்து 2.1 மீட்டர், மழை 45 பாகை சாய்ந்து விழுந்தாலும் அடுப்பு வாய்க்கு வந்து சேரும்போது 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்கியிருக்கும், அடுப்புத் தளமோ ஒரு மீட்டரில் இருக்கிறது. பின்சரிவு 1.4 மீட்டர் வரை தாழ்ந்து மேல்காற்றுக்கு முதுகு காட்டும். ஆசாரியிடம் தாளைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, கூன் விழுந்த வீடு மாதிரி இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 20

கூன் விழுந்தாலும் நனையாது.

செப்டம்பர் 23

குழி வெட்டியாயிற்று. நான்கு தூணுக்கும் 45 சென்டிமீட்டர் சதுரம், 60 ஆழம். கொத்தனார் பாதி ஆழம் போதும் என்றார். இவ்வளவு சின்னக் கூரையின் எடையைத் தாங்க இத்தனை கான்கிரீட் எதற்கு என்று கேட்டார். எடையைத் தாங்குவதற்கு அல்ல, கூரை பறந்துபோகாமல் பிடித்துக்கொள்வதற்கு என்றேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது அவரும் இந்த மாவட்டத்தில்தான் இருந்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 24

நாட்டுக்கோழி அடுப்புக்குள் முட்டையிட்டிருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

செப்டம்பர் 28

ஓடா, தகடா? தகடு இலேசானது, ஒரே நாளில் வேலை முடியும், சரிவும் அதிகம் தேவையில்லை. ஓட்டுக்கு 30 பாகையாவது சரிவு வேண்டும். ஆனால் காற்றின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தகட்டின் மேல் நம்பிக்கை போகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தரும். நாலு பக்கமும் திறந்த கூரையை அது அடியிலிருந்து தூக்கும். 13 சதுர மீட்டருக்கு அது ஒரு டன்னைத் தாண்டுகிறது. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோ வரும், சரிவோடு சேர்த்து மொத்தம் 600 கிலோ; மேலும் ஓட்டு இடுக்குகளின் வழியே காற்று கசிந்து போவதால் தூக்கும் விசையும் குறையும். மீதியைக் கான்கிரீட் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு குழியிலும் ஏறத்தாழ 290 கிலோ இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் தம்மிடம் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகளைச் சும்மா தருவதாகச் சொன்னார். சூடேறினால் அது வெடித்துச் சிதறும். சிதறாவிட்டாலும் அதன் இழை நுரையீரலுக்கு ஆகாது. மனம் நோகாமல் மறுப்பதற்குத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.

அக்டோபர் 1

கப்பலிலிருந்து செய்தி வந்தது. கூரை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டிருக்கிறான். திரும்பி வரும் தேதி எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 6

எதிர்பாராத கோடைமழை போல மாலையில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ஓடு இன்னும் ஏறவில்லை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நானும் அவளும் நின்றோம்.

நெருப்புக்காகக் கட்டிய பொருளை நீரிடமிருந்து காப்பதுதான் முழு வேலையாகவும் இருக்கிறது. குவிமாடத்தின் மேல் செராமிக் இழைப் போர்வை, அதற்கு மேல் வெர்மிகுலைட் பூச்சு. இரண்டும் வெப்பத்தைத் தடுப்பது தம்முள் அடைத்து வைத்திருக்கும் காற்றினால்தான். அந்தக் காற்றின் இடத்தில் நீர் புகுந்தால், அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். விறகு எரிந்துகொண்டே இருக்கும், அடுப்பு சூடேறாது. அதைவிடப் பெரிய ஆபத்து நீராவி. நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். வெளியேற வழி இல்லையென்றால் பூச்சைப் பிளந்துகொண்டு வரும். நனைந்த அடுப்பில் பெருந்தீ மூட்டுவதும் அதை உடைப்பதும் ஒன்றுதான். அவன் எழுதி வைத்துவிட்டுப் போன தாளில் இந்த ஒரு வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறான்.

வடக்குப் பக்கப் பூச்சில் உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தேய்த்தால் மாவு போல உதிர்கிறது. உள்ளிருந்து ஈரம் வெளியேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆகவே கெட்ட செய்தி மட்டும் அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 7

கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இருபத்தொரு நாள் என்கிறாள் அவள். முடியாது என்றேன். இரவானதும், இருட்டில், முட்டைகளோடு சேர்த்து ஓலைப்பெட்டிக்கு மாற்றி விறகுப்புரையில் வைத்தாள். கோழி ஒரு சத்தமும் போடவில்லை. மறுப்பெல்லாம் என் முகத்தில்தான் இருந்தது என்கிறாள்.

அக்டோபர் 11

இரும்புத் தூண்கள் நின்றுவிட்டன. வெல்டர் பற்றவைக்கும் இடங்களில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் தொடங்கினார். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் புகைபோக்கிக்கும் மீதமிருந்த, துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயையே போட்டுவிடலாம் என்றார். துத்தநாகம் 420 பாகை செல்சியஸில் உருகும். பிட்சா சுடும் அன்று குவிமாடமே 485 பாகை வரை போகும். 304 தர எவர்சில்வர்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். விலையைக் கேட்ட பிறகும் உறுதி குறையவில்லை. சற்று அமைதி மட்டும் கூடியது.

அக்டோபர் 12

மீண்டும் அந்த 45. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, அதற்குப் பிறகு உறக்கம் இல்லை.

கழுக்கோல்கள், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்மரங்கள், பழைய வீட்டுத் தடி, நன்கு விளைந்த அயினி மரம். அவற்றைத்தான் போட வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருக்கிறாள். அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் இடையே 45 சென்டிமீட்டர் வெளி விட வேண்டும் என்பது விதி. குழாய் 15, இருபுறமும் 45: ஆக 105 சென்டிமீட்டர் ஓட்டை. 3.6 மீட்டர் கூரையில் அது ஓட்டை அல்ல, வாசல். விதியைத் தளர்த்தலாம் என்றால் மரத்தின் குணம் பயமுறுத்துகிறது. ஒரே நாளில் தீப்பிடிக்காத மரம், மிதமான சூட்டிலேயே பல மாதம் காய்ந்து காய்ந்து உள்ளூரக் கரியாகி, பிறகு புது மரம் தாங்கும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். முதல் ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை என்பது எதற்கும் சான்று ஆகாது.

அக்டோபர் 14

தீர்வு தகரக்கடைக்காரரிடம் இருந்தது. 15 சென்டிமீட்டர் குழாய்க்கு வெளியே 25 சென்டிமீட்டரில் இன்னொரு குழாய்; இடைவெளியில் செராமிக் இழையைத் திணித்து இரு முனையிலும் வளையம் வைத்து மூடித் தருகிறார். ஆலையில் சோதித்து முத்திரை குத்திய குழாய் அல்ல என்பதால், வெளிக்குழாய்க்கும் மரத்துக்கும் இடையே இருபுறமும் 20 விடுகிறேன். 65 சென்டிமீட்டர். ஆசாரி கழுக்கோல்களின் இடைவெளியை அந்த இடத்தில் சற்று அகட்டிவிட்டார்; முகட்டு உத்திரத்தை அங்கே நிறுத்தி, அப்பால் மீண்டும் தொடங்குகிறார். ஒரு கழுக்கோலையும் அறுக்கவில்லை.

அக்டோபர் 17

ஓடு ஏறுகிறது. பழைய வீட்டு ஓடுகளே. ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் சூளையின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கிறது. கொல்லத்து ஓடுகளே மிகுதி. 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஆலை வைத்துத் தொடங்கிய வார்ப்பு முறையே இதுவும்: ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும், சாந்து தேவையில்லை. ஓரத்து ஓடுகளை மட்டும் செம்புக்கம்பியால் அடியிலுள்ள பட்டியல் சட்டத்தோடு கட்டச் சொன்னேன். பாசி படிந்தவற்றைத் தேய்த்துக் கழுவியதில் அவளுடைய கை சிவந்துபோயிற்று.

அக்டோபர் 18

செய்தி இல்லை.

அக்டோபர் 22

நல்ல மழை. வடகிழக்கிலிருந்து, எதிர்பார்த்தபடியே. குடையைப் பிடித்துக்கொண்டு அடுப்பின் முன் நின்றேன். முன் இறவானத்திலிருந்து விழும் நீர்க்கோட்டுக்கு இப்பால் தரை நனைந்தது, தளம் நனையவில்லை. புகைபோக்கியைச் சுற்றிக் கவிழ்த்த எவர்சில்வர்ப் பாவாடையின் அடியில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் வடக்கு முக்கோணம் திறந்து கிடக்கிறது. அதன் வழியே தூவானம் உள்ளே வந்து, உப்புப் பூத்த அதே இடத்தில் படிகிறது.

அக்டோபர் 26

வடக்கை முழுதாக அடைத்துவிடலாம் என்று அவள் சொல்கிறாள். அடைத்தால் புகையும் கரியமில வாயுவும் உள்ளேயே சுழலும். காற்றும் ஒரு பக்கம் புகுந்து போக வழியின்றிக் கூரையைத் தூக்கும். ஆகவே சாய்தட்டி: சிமெண்ட் பலகையைப் பட்டைகளாக அறுத்து, ஒன்றன் மேல் ஒன்று கவிந்திருக்குமாறு சாய்த்து வைத்தால் காற்று நுழையும், மழை நுழையாது. தெற்கே இடுப்பளவு சுவர் போதும்; அதன் அடியில் விறகு அடுக்கலாம்.

அக்டோபர் 29

பெட்டியில் ஒன்பது குஞ்சு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் முடியாது என்று சொன்னது இருந்தது.

நவம்பர் 3

முதல் உலர்த்து தீ. தேங்காய்ச் சிரட்டை ஒரு கை, அவ்வளவுதான். 100 பாகையைத் தாண்டவிடவில்லை. சற்று நேரத்தில் வடக்குப் பக்கப் பூச்சிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. மூக்கை அருகே வைத்தால் நனைந்த சுண்ணாம்பு வாசம். நாளைக்கு 150, அதற்கு அடுத்த நாள் 200. அவசரம் கூடாது.

வாயின் இடது ஓரத்தில் மயிரிழை விரிசல். கொத்தனார் சாதாரணச் சிமெண்ட் குழைத்து அடைக்க வந்தார். 400 பாகைக்கு மேல் அதன் பிணைப்பு சிதையும். பிறகு ஈரம் பட்டால் ஊதிப் பொடியாகும். தீச்செங்கல் சாந்து மீதி இருக்கிறது, அதையே பூசினோம்.

நவம்பர் 6

300 பாகை. வெளிக்குழாயை வெப்பமானியால் சுட்டிப் பார்த்தேன், 58. அருகிலிருக்கும் கழுக்கோல், 36. எண்ணைத் தாளில் எழுதி அவனுக்கு அனுப்பினேன். இன்னும் சென்று சேரவில்லை என்றே காட்டுகிறது.

இறங்கும் சூட்டில் மரச்சீனிக் கிழங்கு சுட்டாள். தோல் கரிந்து, உள்ளே வெண்ணெயாக இருந்தது.

நவம்பர் 8

குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொல்கிறது. சாய்தட்டியின் மேல் வரிசையில் திருகாணிகள் இன்னும் ஏறவில்லை, மேற்கு ஓரத்து ஓடுகளில் ஒரு வரிசைக்குக் கம்பி போதவில்லை. காலையில் கடை திறந்ததும் செம்புக்கம்பி அரைக் கிலோ வாங்க வேண்டும். ஆசாரியை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.