பனைக்கு நடுவில தெரிஞ்ச வானம்

போன மாசி மாதம் ஒருநாள் லைஃப் ட்ரோயிங் வகுப்பில, அதாவது ஆளை முன்னால வைச்சுக் கீறுற வகுப்பில, லைற் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஒரே ஒரு ஸ்பொட் லைற்றை மட்டும் மொடலுக்கு முன்னால நிலத்தில வைச்சிச்சினம். வெளிச்சம் கீழயிருந்து மேல போகுது. என்னோட படிக்கிற பிள்ளையள் எல்லாம் 20, 21 வயசு, நல்ல கெட்டிக்காரர், ஆனா அண்டைக்குக் கனபேர் திணறிப் போச்சினம், ஏனெண்டா நாங்கள் பாத்துப் பழகின முகத்தில வெளிச்சம் மேலயிருந்துதான் வரும், மூக்குக்குக் கீழயும் நாடிக்குக் கீழயும்தான் நிழல் விழும், இது அப்பிடியே மறுவளம், மூக்கின்ர நிழல் நெத்தியைப் பாத்துப் போகுது, நாடியின்ர அடிப்பக்கம் பளிச்செண்டு இருக்கு, கண்குழி இருட்டா இருக்க வேண்டிய இடத்தில வெளிச்சம் நிக்குது. எனக்கு மட்டும் கை தன்ர பாட்டில ஓடினது. புரொஃபெசர் பின்னால வந்து நிண்டு பாத்திட்டு, இந்த மாதிரி வெளிச்சத்தில முந்தியும் கீறியிருக்கிறீங்களோ எண்டு கேட்டா. கீறேல்லை, அஞ்சாறு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான் எண்டு சொன்னன்.

எங்கட பள்ளிக்கூட பட்ச்காரருக்கு நான் எதைச் சொல்லுறன் எண்டு விளங்கியிருக்கும். ஜாம் போத்தல் விளக்கு. 90க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைக்கிறதே பெரும்பாடு. இந்த மலரை வாசிக்கிற, இஞ்ச கனடாவில பிறந்த பிள்ளையளுக்காகச் சொல்லுறன்: ஒரு சின்ன ஜாம் போத்தல், அடியில கொஞ்சம் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில பிடிச்ச ஒரு மெல்லிய திரி, அவ்வளவுதான். சுடர் போத்தலுக்குள்ளயே நிக்கிறதால காத்துக்கும் நூராது. அதைப் பாய்க்கு நடுவில வைச்சிட்டு நாங்கள் நாலு பேரும் சுத்தி இருந்து படிப்பம். நிமிர்ந்து பாத்தா அம்மான்ர முகம், நாடியும் கீழ் உதடும் மஞ்சளா, கன்னத்து மேடு பாதி, அதுக்கு மேல நெத்தி முழுக்க இருட்டு, தோடு மட்டும் ஒரு புள்ளியா மினுங்கும். தம்பி விளக்குக்குக் கிட்டக் குனிஞ்சா சுவரில அவன்ர தலை நிழல் கூரை வரைக்கும் வளரும். அப்ப அதை நான் பாடம் எண்டு நினைக்கேல்லை, ஆனா வெளிச்சம் எங்கயிருந்து வருது, அது எதில பட்டு எங்க நிக்குது எண்ட கணக்கு எனக்குள்ள அப்பவே இறங்கியிருக்கு.

42 வயசில, வேலையைப் பகுதிநேரம் ஆக்கிப்போட்டு, ரொறன்ரோ ஒகாட் யுனிவேர்சிற்றியில இலஸ்ட்ரேஷன், அதாவது புத்தகம் பத்திரிகையளுக்குப் படம் கீறுற கலை, படிக்கச் சேர்ந்தனான். மக்கோல் வீதியில கலர் பென்சில் கால்களில உயரத்தில நிக்கிற கறுப்பு வெள்ளைப் பெட்டி மாதிரிக் கட்டடம், 2004ல கட்டினது, டவுன்ரவுன் போனவை கண்டிருப்பியள். அதுக்குக் கீழால முதல் நாள் நடந்து போகேக்க எனக்கு எங்கட பள்ளிக்கூடத்துச் சித்திர சேரைத்தான் நினைவு வந்தது.

சேரின்ர காலத்தில பேப்பர் இல்லை. உதயன் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில வந்த காலம் அது. கலண்டரின்ர பின்பக்கம், பழைய சோதினைத் தாளின்ர பின்பக்கம், அடுப்புக் கரி, இதுதான் எங்கட சாமான். ஒருநாள் எங்களை மைதானத்துப் பின்மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கால நிண்ட பனைக்கூடலைக் காட்டி, "பிள்ளையள், பனையைக் கீறாதேங்கோ, பனைக்கு நடுவில தெரியிற வானத்தைக் கீறுங்கோ" எண்டார். ஆருக்கும் விளங்கேல்லை. நான் நாலு பனையைக் கீறி மேல மூண்டு முகிலைப் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தன். சேர் பேசேல்லை, வேற ஒரு தாள் தந்து திரும்பப் போய் இருக்கச் சொன்னார். 95 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோட அந்தத் தாளுகள் எல்லாம் போட்டுது. சேரும் இப்ப இல்லை.

ஒகாட்டில முதல் செமஸ்ரரில ரெண்டு கதிரையை ஒண்டுக்கு மேல ஒண்டு கவிட்டு வைச்சிட்டு, கதிரையைக் கீறக்கூடாது, காலுகளுக்கு இடையில இருக்கிற வெறும் இடத்தை மட்டும் கீறுங்கோ எண்டிச்சினம். நெகட்டிவ் ஸ்பேஸ். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. பேர் தெரியாமலே சேர் இதைத்தானே எங்களுக்குக் கரித்துண்டைத் தந்து படிப்பிச்சவர். கதிரைக்கு நாலு கால், இருக்கிற பலகை எண்டு எங்கட மூளைக்கு ஒரு முடிவு இருக்கு, பாக்கிறதுக்கு முதலே கை அந்த முடிவைக் கீறிப்போடும். வெறும் இடத்துக்குப் பேர் இல்லை, அதாலதான் அதைக் கீற வேணுமெண்டால் உண்மையாப் பாக்கத்தான் வேணும்.

இதை விளங்கினாப் பிறகும் நான் பிழை விட்டனான். ரெண்டாம் வருசம் சொந்த ஊர் மரம் ஒண்டை வைச்சு ஒரு படம் செய்யச் சொல்லிச்சினம், நான் யோசிக்காமலே பனை எண்டு குடுத்திட்டு, ஒண்டையும் பாக்காமல் நினைவில இருந்தே கீறினன். புரொஃபெசர் கேட்டா, ஓலை மரத்தோட எப்பிடிச் சேருது, இந்தத் தண்டின்ர விளிம்பு எப்பிடி இருக்கும் எண்டு. என்னால சொல்ல ஏலேல்லை. 18 வருசம் பனைக்குக் கீழ வளந்தனான்! அண்டிரவு ஊரில இருக்கிற மச்சானுக்கு வட்ஸ்அப்பில சொல்லி, விடியக்காலம அவர் வடலிக்கு, அதாவது இளம் பனைக்குக் கிட்டப் போய் வீடியோ எடுத்து அனுப்பினார், அதை நிப்பாட்டி நிப்பாட்டி ஒரு கிழமை கீறினன். மட்டையின்ர ரெண்டு கரையும் வாள் பல்லு மாதிரிக் கறுப்புக் கருக்கு. மட்டை மரத்தைச் சேருற இடத்தில ரெண்டாப் பிளந்து கட்டிப்பிடிக்கிற மாதிரி நிக்கும். வடலியில காவோலை கீழ விழாமல் பாவாடை மாதிரித் தொங்கும், வளந்த பனையில அது விழுந்த இடம் எல்லாம் வளையம் வளையமாத் தழும்பு. ஒவ்வொண்டா அந்தக் கருக்கைக் கீறேக்க, சின்னனில மட்டை வெட்டிக் கால் கிழிச்ச இடம் திரும்ப எரியிற மாதிரி இருந்தது.

ஒகாட்டுக்குப் பக்கத்திலதான் ஏஜிஓ எண்ட ஒன்ராறியோ ஓவியக்கூடம். அங்க கனடா ஓவியர் டொம் தொம்சன் 1917ல முடிச்ச ஒரு படம் இருக்கு, மேற்குக் காத்து எண்டு பேர், ஏரிக்கரையில காத்துக்குச் சாஞ்சு நிக்கிற ஒரு பைன் மரம். நான் இப்ப மரத்தைப் பாக்கிறதில்லை, கொப்புகளுக்கு நடுவில வெட்டுப்படுற வானத்தைத்தான் பாக்கிறன், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வடிவம். தொம்சனும் அவரின்ர கூட்டாளியள் கனபேரும் ரொறன்ரோவில கிரிப் எண்ட டிசைன் கொம்பனியில விளம்பரப் படமும் எழுத்தும் செய்து சம்பளம் எடுத்தவை எண்டு இஞ்ச வந்துதான் அறிஞ்சன். இலஸ்ட்ரேஷன் எண்டால் ஓவியத்துக்கு ஒரு படி கீழ எண்டு சொல்லுற ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்லுறனான்.

கை கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருது. 30 செக்கனில ஆளின்ர நிலையை மட்டும் பிடிக்கிற ஜெஸ்ச்சர் படம் நூற்றுக்கணக்கில கீறினாப் பிறகுதான் பாரம் எந்தக் காலில நிக்குது எண்டு முதல்ல பாக்கப் பழகினன். முகம் கீறேக்க கண்ணை எப்பவும் மேல தூக்கி வைச்சிடுவன், கண் தலையின்ர உயரத்தில சரி பாதியில இருக்கு எண்டதைப் பென்சிலால அளந்து பாத்தும் நம்பக் கஷ்டமா இருந்தது. குவாஷ் எண்ட, தண்ணியில கரைக்கிற பெயின்ற் வேற, பூசேக்க ஒரு நிறம், காஞ்சாப் பிறகு வேற நிறம், வெளிறினது கொஞ்சம் இருளும், கடுமையானது கொஞ்சம் வெளிறும், அதால இப்ப முதல்ல ஒரு துண்டில பூசிக் காயவிட்டுப் பாத்திட்டுத்தான் படத்தில வைக்கிறன். பின்னேரத்தில அம்மா ஸ்காபரோ வீட்டுக் குசினியில வெங்காயம் உரிக்கேக்க அவவின்ர கையைத்தான் கீறுறன். விரல் மொளி இப்ப வீங்கியிருக்கு. எத்தினை தரம் கீறியும் பெருவிரல் மடங்கிற இடம் சரிவரேல்லை. "காணும் பிள்ளை, என்ர கையில என்ன கிடக்கு" எண்டுவா, ஆனா கையை அசைக்காமல் வைச்சிருப்பா.

இறுதி வருசத்துக்கு எங்கட பள்ளிக்கூடத்தை 12 படமாச் செய்யப் போறன், 90 தொடக்கம் 95 வரைக்கும், எல்லாம் ஒரே ஒரு விளக்கு வெளிச்சத்தில. மைதானத்துக் கிணத்தில துலா வீதிப் பக்கம் நிண்டதோ வகுப்புப் பக்கம் நிண்டதோ எண்டதில பட்ச் குரூப்பில ரெண்டு கட்சி, எனக்கும் நிச்சயமில்லை. ஆரிட்டையாவது அந்தப் பக்கத்தில எடுத்த பழைய ஃபோட்டோ இருந்தால், மங்கினதெண்டாலும் பரவாயில்லை, சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கோ. துலாவையும் கயிறையும் விட, அதுக்கு இடையில தெரியிற வானம் விளங்கினால் காணும்.