சோகமா, அசதியா

“இவங்க சோகமா இருக்காங்கன்னு எதை வச்சு எழுதினீங்க அண்ணா? எனக்கு அசதியாத்தான் தெரியுது.”

புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கேட்டாள். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய பட விளக்கங்களில் அதுவும் ஒன்று. ஓவியர் யோசிப் ராச்சிச் மியூனிக்கில் படித்த காலத்தில் வரைந்த, கறுப்பு உடைப் பெண். “ஓவியரின் முடிவை முன்பே அறிந்துகொண்ட சோகம்” என்று எழுதியிருந்தேன்.

“அவர் கதை தெரிஞ்சா உனக்கும் அப்படித்தான் தெரியும்” என்றேன்.

“கதை தெரியாமப் பார்த்தா?”

“சரி, நேரமாச்சு, போகட்டும்” என்று அனுப்பிவிட்டேன்.

கதை இதுதான். குரோஷியாக்காரர், 1885இல் பிறந்தவர். கல்லச்சுத் தொழில் பழகிவிட்டு மியூனிக் போனார். 1908இல் பாரிஸ். லூவர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைப் பார்த்து நகல் வரைந்துகொண்டிருந்தவர், அந்த ஜூனிலேயே விடுதி அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். வயது 23. இதைப் படித்தவன் வேறெப்படி எழுதுவான்? பெயரே கேள்விப்படாத ஓவியரிடம் வாசகரை நிறுத்திவைக்க ஒரு பிடி வேண்டாமா? இப்படித்தான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் படத்தில் இருக்கும் பெண் அவர் எதிரே உட்கார்ந்தபோது பாரிஸும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தவளுக்கு முதுகு வலித்திருக்கலாம். ஒருவரின் சாவை இன்னொருவர் முகத்தில் ஒட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

பாணி என்ற இடத்தில் ‘எக்ஸ்பிரஷனிசம்’ என்று போட்டதும் நான்தான். முகத்தில் உணர்ச்சி தெரிந்தது, அவ்வளவுதான் காரணம். ராச்சிச்சும் அவரோடு மியூனிக்கில் படித்த கிராலியேவிச், பெட்சிச்சும் மானே, வெலாஸ்கஸ் போன்ற முந்தைய ஓவியர்களைப் பார்த்துக் கற்றவர்கள். மியூனிக் அகாடமியில் இவர்களைக் ‘குரோஷியப் பள்ளி’ என்றே சொன்னார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு உடை பின்னணி இருட்டோடு கலந்துபோகிறது; முகத்தில் அகலமான தூரிகை இழுப்புகள், குழைத்து மழுப்பாமல் அப்படியே விட்டவை. உருவத்தைக் கோணலாக்கிக் கத்தும் எக்ஸ்பிரஷனிச ஓவியம் இல்லை இது. எவ்வளவு வெளிச்சம் விழுகிறதோ அவ்வளவுதான் வண்ணம். அவர் எழுதாததை நான் எழுதியிருக்கிறேன்.

பாணியை மாற்றிவிட்டேன். அது சுலபம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது எங்களோடு இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டாள். நேற்று ராத்திரி ‘சோகம்’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘அசதி’ என்று அடித்தேன். அதுவும் ஊகம்தானே? அதையும் அழித்தேன். எதுவும் இல்லாமல் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சோகமாகவே தெரிந்தது.