அம்மாவுக்கு ஏழு கிணற்றுத் தண்ணீர்

தாயைப் பறிகொடுத்த வன்னி வீடுகளில், திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒருக்கால் தலைமுழுக வேண்டும் என்ற நேர்த்தி பலருக்குக் கிடக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலோடு போனவர்களில் எத்தனை பேருக்கு அந்தியேட்டி என்ற ஈமக்கடன் நடந்தது? திதியை யார் குறித்து வைத்தார்கள்? நாள் தெரியாத உயிர்களுக்கு அமாவாசை இருக்கிறது. இராவணேசுவரன் தன் தாய்க்குக் கடன் முடித்த இடத்தில் எங்கள் தாய்மாருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கிடைத்ததே, அப்பனே, அது போதும்.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றரளவு. திருகோணமலை நகரத்துக்கு முன்னமே கன்னியாச் சந்தி வந்துவிடும். அங்கேயே இறங்கினால் ஒரு கிலோமீற்றரளவு நடைதான். தெரியாமல் நகரம்வரை போனால் திரும்பிவர ஓட்டோவுக்குக் கொட்ட வேண்டும். ஏறுமுன் கூலியைப் பேசாவிட்டால் கேட்டதுதான் காசு.

வெள்ளனப் போய்ச் சேருங்கள். ஏழும் சின்னச் சதுரக் கிணறுகள், மூன்று நான்கு அடி ஆழம். சனம் வருமுன் தண்ணீர் அடி தெரியக் கிடக்கும். விடுமுறை நாளில் பத்து மணிக்குப் பிறகு வாளிமேல் வாளி விழ, ஊற்று ஊறி வர நேரமில்லாமல் தண்ணீர் கலங்கிவிடும். குளித்துக் கும்மாளமடிக்க வருகிற கூட்டத்துக்கு நடுவில் தர்ப்பையோடு நிற்பது மனதுக்குப் பெரிய வேதனை. எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, தானத்துக்குக் காய்கறி எல்லாம் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். ஐயரையும் முன்கூட்டியே பேசி வையுங்கள், அங்கே போய்த் தேட முடியாது.

கிணற்றுக்குள் இறங்கக்கூடாது, சவர்க்காரமும் கூடாது. வாளியால் அள்ளி வார்க்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. கையை விட்டுப் பார்த்து, சூடு குறைந்ததில் தொடங்குங்கள். வயதானவர்களுக்கு முதல் வாளி காலில், பிறகு தோளில், கடைசியில்தான் தலையில். எடுத்த எடுப்பில் தலையில் வார்த்தால் நாளம் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். ஈரக் கல் சறுக்கும், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழாவது வாளி உச்சியில் விழும்போது, சின்ன வயதில் அம்மா அளவாக விளாவி வார்த்த அதே சூடு. அந்த இடத்தில் அழாதவர்கள் குறைவு. அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஈரம் மாற்றிக்கொண்டு, திருகோணமலை நகரத்தில் கோணேசர் கோயில் இருக்கும் மலைக்கு. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குமுன் ஏறிவிடுங்கள். கோட்டை வாசலிலிருந்து மேலேவரை ஏற்றம்; வழியில் அருச்சனைத் தட்டைக் கையில் திணிக்கிறவர்களைக் கடந்து போகத்தான் வேண்டும். சம்பந்தர் பாடிய பழைய கோயிலை 1624இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். புதைத்துக் காத்த திருமேனிகளில் சில 1950இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. முன்னூறு வருடத்துக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்து வந்த சோமாஸ்கந்தருக்குத் தீபம் காட்டும்போது பாருங்கள், அம்மையும் பிள்ளையுமாக இருக்கிறார். மண்ணுக்குள் போனவர்களை அவருக்குத் தெரியாமலா?

கோணேசரின் தேவி மாதுமை அம்மையிடம் சொல்லிவிட்டு, மோட்ச அருச்சனைக்கு அம்மாவின் பெயரைக் கொடுங்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் அதையும் ஐயரிடம் சொல்லுங்கள். பெயரை மட்டும் சொல்லி அருச்சித்துத் தருவார்.