3 வருஷம் ஃபிட்ஸ் மாத்திரை, கடைசில வீடியோ ஈஈஜில தெரிஞ்சது

என் தங்கச்சிக்கு 3 வருஷமா ஃபிட்ஸ்னு மாத்திரை போயிட்டிருந்துச்சு, ஒண்ணு கேக்கலன்னு ரெண்டாக்கி, அப்புறம் டோஸ் ஏத்தி, பிள்ளை பகல்லயே தூங்கி வழிவா, ஆனா வர்றது மட்டும் நிக்கவே இல்ல. எம்ஆர்ஐ நார்மல், மூளை அலைய பதிவு பண்ற, அரை மணி நேரம் எடுக்கிற ஈஈஜி டெஸ்ட்டும் நார்மல். நிஜமான வலிப்பு நோய்க்காரங்களுக்கே வலிப்பு வராத நேரத்துல எடுத்தா ஈஈஜி நார்மலா வரலாமாம், அதனால மாத்திரைய நிறுத்த யாருக்கும் தைரியம் வரல.

அடுத்து பார்த்த நியூராலஜிஸ்ட் தான், வரும்போது முகம் தெரியிற மாதிரி போன்ல வீடியோ எடுங்கன்னாங்க. அவ துடிக்கும்போது போன தூக்க மனசே வரல, கை நடுங்க நடுங்க எடுத்தேன். கண்ணு இறுக்க மூடியிருக்கு, தலை ரெண்டு பக்கமும் ஆடுது, நடுவுல அடங்கி திரும்ப ஆரம்பிக்குது, 9 நிமிஷம், கண்ணோரம் தண்ணி வேற வழியுது. வலிப்பு நோய்ல உடம்பு முழுக்க வெட்டினா பெரும்பாலும் கண்ணு திறந்திருக்கும், 2, 3 நிமிஷத்துல அடங்கிடும், நாக்கோட ஓரம் கடிபடலாம்னு சொன்னாங்க. ஆனா இத மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு வீடியோ ஈஈஜிக்கு அட்மிட் பண்ணாங்க.

தலை பூரா வயர் ஒட்டி கேமரா முன்னாடி 2 நாள். வரவே கூடாதுன்னு இத்தன நாள் வேண்டிக்கிட்ட நான் அன்னிக்கு வந்துரணும்னு உக்காந்திருந்தேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் வந்துச்சு. ஆட்டம் அடங்குற இடைவெளில பார்த்தா, கூப்பிட்டா பதில் இல்ல, ஆனா மூளை அலை முழிச்சிருக்கிறவங்களுக்கு வர்ற மாதிரியே ஓடுது, வலிப்புக்கான அலை எங்கயுமே இல்ல. அதாவது இந்த ஆட்டம் வலிப்பு நோயால வரல.

"அப்போ நடிக்கிறாளா?"ன்னு வீட்ல ஒருத்தர் அவ காதுபடவே கேட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. இது வேணும்னு பண்றதில்ல, அவளால நிறுத்த முடியாது, மனசு தாங்க முடியாதது உடம்பு வழியா வருதுன்னு டாக்டர் அவ கையப் பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க, அப்பதான் அவ வாய்விட்டு அழுதா.

சிலருக்கு வலிப்பு நோயும் இதுவும் ரெண்டுமே இருக்கும், அதனால தயவுசெஞ்சு நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க. இவளுக்கு டாக்டர் தான் மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. கூடவே சைக்காலஜிஸ்ட் கிட்ட சிபிடி, அதாவது நினைக்கிறதையும் நடந்துக்கிறதையும் மாத்திக்கப் பழக்குற பேச்சு சிகிச்சை. முன்னாடி வர்ற படபடப்பையும் விரல் மரத்துப்போறதையும் கவனிக்க அவ பழகியிருக்கா, அப்படி வந்தா பாதத்த தரையில அழுத்தி சுத்தி இருக்கிற பொருள ஒவ்வொண்ணா பேர் சொல்லுவா. இன்னும் முழுசா நிக்கல, வந்தா பக்கத்துல உக்காந்து மெதுவா பேசிட்டிருப்போம், கண்ண பிடிச்சு திறக்கிறதெல்லாம் விட்டாச்சு. போன வாரம் ஓடிவந்து, "அக்கா, வர்ற மாதிரி இருந்துச்சு, ஜன்னல், கதவு, நாற்காலின்னு சொல்லிட்டே இருந்தேன், போயிடுச்சு"ன்னா.